வால்தம்ஸ்டோ வீட்டில் ஓதம் இறங்கிய கதை

முன்னறையில் தெருப்பக்கச் சுவர் முழுக்க ஓதம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து நின்றது. விரலால் தொட்டால் உள்ளே பூச்சு மாவாகக் கொட்டியது. மழைக்காலம், வெயில்காலம் என்று வித்தியாசமில்லாமல் வருஷம் முழுக்க இதே கதை. வீடு வடகிழக்கு லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருக்கிறது. 1890களில் கட்டிய வரிசை வீடு, அதாவது பக்கச் சுவர்களை அடுத்த வீட்டுக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளும் வகை. ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், வால்தம்ஸ்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு இதே மாதிரி வீடு, இதே மாதிரி ஓதம். அதனால் செய்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓதம் பார்க்க ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். இரண்டு ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தினார், அது கத்தியது, ‘தரையிலிருந்து ஏறும் ஓதம்’ என்று எழுதிக் கொடுத்தார். சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டுமாம், உள்பூச்சை உரித்து நீர் புகாத சிமெண்ட் பூச வேண்டுமாம், அதற்கு உத்தரவாதப் பத்திரமும் உண்டாம். அந்த மீட்டர் அளப்பது சுவரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான். ஈரம் இருந்தாலும் கத்தும், பழைய சுவரில் உப்பு படிந்திருந்தாலும் கத்தும். அதைவிட என்னைக் குடைந்த கேள்வி வேறு. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற சுவர், இப்போது ஏன் நனைகிறது? கட்டியவர்கள் இதற்கு ஒரு வழியும் செய்யாமலா விட்டிருப்பார்கள்?

அதனால் வேலையைத் தொடங்கும் முன் வீட்டின் ஜாதகத்தைப் பார்த்தேன்.

1871இல் வால்தம்ஸ்டோவின் மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். 1901இல் 95 ஆயிரம். அப்போது இது லண்டனே கிடையாது, எசெக்ஸ் மாவட்டத்து ஊர். நடுவில் நடந்தது ரயில். கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே தன் முனையத்தை லண்டன் நகரத்துக்குள் கொண்டுபோக 1864இல் நாடாளுமன்றத்தில் அனுமதி வாங்கியபோது, பாதைக்காக ஏழைகளின் வீடுகள் இடிபடும் என்பதால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வால்தம்ஸ்டோவிலிருந்தும் எட்மன்டனிலிருந்தும் தொழிலாளர்களுக்குக் காலையில் ஒரு மலிவு ரயில், போக வர இரண்டு பென்னி. 1874இல் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் திறந்தது. இரண்டு பென்னியில் வேலைக்குப் போய் வரலாம் என்றானதும் குமாஸ்தாக்களும் கைவினைஞர்களும் இந்தப் பக்கம் குடியேற, வயல்களெல்லாம் தெருக்களாயின. கட்டியவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கி நாலைந்து வீடாகக் கட்டி விற்ற சின்ன மேஸ்திரிகள். எங்கள் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும், சில வீடுகளுக்கு ஒருமுறை ஜன்னல் தூணின் தலையில் இருக்கும் இலை வேலைப்பாடு மாறும். ஒரு மேஸ்திரி முடித்து அடுத்தவர் தொடங்கிய இடம் அது. இலை, பூ, தூண் எல்லாமே அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து மொத்தமாக வாங்கியவைதான்.

வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1834இல் பிறந்தது இதே ஊரில். 1883இல் ஒரு கடிதத்தில், ஒரு காலத்தில் நன்றாக இருந்த என் ஊரை அரைகுறை வேலை செய்யும் கட்டடக்காரர்கள் மூச்சு முட்ட வைத்துவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறார். எங்கள் தெரு மாதிரித் தெருக்களைத்தான் திட்டியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று கெடுக்காதீர்கள், பழுதை மட்டும் பாருங்கள் என்று சொல்ல அவர் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. அவர்கள் சொல்லும் முறையில்தான் அவர் திட்டிய ரக வீட்டை நான் பழுதுபார்த்தேன்.

சரி, சுவருக்கு வருவோம்.

1875இன் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதையொட்டி 1877இல் வந்த மாதிரி விதிகளும் இந்த வீட்டின் உருவத்தைப் பெருமளவு தீர்மானித்தவை. புதிய தெருவுக்கு 36 அடி அகலம், வீட்டுக்குப் பின்னால் குறைந்தது 150 சதுர அடி வெற்றிடம், அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது ஜன்னல், சுவரில் ஓதம் ஏறாமல் ஒரு தடுப்பு. அந்தக் கடைசி விதி சரியாகப் பின்பற்றப்பட்டிருந்தால், சுவரின் அடியில் எங்கேயோ ஒரு ஸ்லேட் அடுக்கு, அதாவது ஈரம் ஏறவிடாத கல்தகடு, இருக்க வேண்டும். வெளியே தேடினேன், காணோம்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “தம்பி, உந்தச் சீமெந்தை உடையுங்கோ. உங்கட ஸ்லேட் அதுக்குக் கீழதான் கிடக்கும்” என்றார். அவர் வீட்டில் பல வருஷங்களுக்கு முன் இதே வேலையைச் செய்தவர். முன்பக்கத் தோட்டத்தை யாரோ ஒரு முன்னாள் உரிமையாளர் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார், குப்பைத்தொட்டி வைக்க வசதியாக. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு அதை உடைத்து எடுத்தேன். கான்கிரீட்டின் மேல்மட்டத்துக்குக் கீழே, அண்ணை சொன்னபடியே, செங்கல் வரிசைகளுக்கு நடுவில் இரண்டு அடுக்கு ஸ்லேட், ஒன்றின் இணைப்பை மற்றது மூடும்படி வைத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. வெளித்தரை இந்தத் தடுப்புக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தரை அதைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. மழைநீர் தடுப்புக்கு மேலே இருக்கும் செங்கலில் நேராக ஊறிக்கொண்டிருந்தது. இதற்கு ரசாயன ஊசி போட்டு என்ன பயன்?

கான்கிரீட்டை உடைத்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. முன்னறைக்கு மரப்பலகைத் தரை. பலகைக்குக் கீழே பைன் மரச் சட்டங்கள், அவற்றைத் தாங்க இடைவெளி விட்டுக் கட்டிய குட்டைச் சுவர்கள், அதற்கும் கீழே வெறும் மண். அந்த வெற்றிடத்தில் காற்று ஓட வேண்டும் என்பதற்காக முன்சுவரிலும் பின்சுவரிலும் ஓட்டை வைத்த வார்ப்பிரும்புச் செங்கல்கள் பதித்திருப்பார்கள். இங்கே ஏர் பிரிக் என்பார்கள். எங்கள் முன்பக்கத்து இரண்டும் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. பின்பக்கத்தில் ஒன்றை, குளிர்காற்று வருகிறது என்று யாரோ செய்தித்தாளைத் திணித்து அடைத்திருந்தார்கள். உள்ளே பலகையைக் கழற்றிப் பார்த்தால் முன்சுவரை ஒட்டிய சட்டங்களின் முனைகள் கறுத்திருந்தன. ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார்த்தேன். ஒரு சட்டத்தில் மட்டும் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது, மற்றவை கெட்டியாக இருந்தன. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் உளுத்துப்போகும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கெட்ட சட்டத்தை நல்ல மரம் தொடங்கும் இடம் வரை வெட்டிவிட்டு, புதுத் துண்டைப் பக்கவாட்டில் சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினேன். சுவரைத் தொடும் முனைக்கு ஈரம் ஏறாத உறை சுற்றினேன். ஏர் பிரிக்குகளைச் சுத்தம் செய்து திறந்ததும் தரைக்கடியில் கையை நீட்டினால் காற்று தெரிந்தது. உடைத்த இடத்தில் மண்ணையும் தோண்டித் தாழ்த்தி, ஸ்லேட்டுக்கு 150 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சரளைக்கல் போட்டு நிரப்பினேன். தண்ணீர் அதில் இறங்கிப் போய்விடும், சுவரில் தெறிக்காது.

அடுத்தது சுவரின் முகம். இதில்தான் அதிக நேரம் போனது, இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

இது ஒற்றைச் சுவர், 9 அங்குலக் கனம். இப்போதைய வீடுகளில் இருப்பதுபோல நடுவில் இடைவெளி கிடையாது. செங்கல்லை ஒரு வரிசையில் நீளவாட்டம் ஒன்று, குறுக்குவாட்டம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். குறுக்கே வைத்த கல் சுவரின் கனம் முழுக்கப் போய் இரண்டு பக்கத்தையும் பிணைக்கும். கல் லண்டன் ஸ்டாக் எனப்படும் மஞ்சள் செங்கல். களிமண்ணில் சுண்ணக்கல் கலப்பதால் அந்த நிறம். அதோடு லண்டன் நகரத்துக் குப்பைமேட்டுச் சாம்பலையும் சலித்துக் கலப்பார்கள். சாம்பலில் இருக்கும் எரியாத கரித்துகள் சூளையில் கல்லுக்கு உள்ளிருந்தே எரியும், எரிபொருள் மிச்சம். கல்லின் மேல் தெரியும் கறுப்புப் புள்ளிகள் அந்தக் கரிதான். நகரத்தின் அடுப்புச் சாம்பல் செங்கல்லாகி மறுபடி நகரத்துக்கே வீடாகத் திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் கல்லைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. மழை பெய்தால் சுவர் கொஞ்சம் குடிக்கும், வெயிலும் காற்றும் வந்தால் ஈரம் சாந்து வழியாக வெளியே போய்விடும். சாந்து கல்லைவிட மெத்தென்று இருப்பதால் தேய்மானமும் உப்பும் சாந்துக்குத்தான், கல் தப்பிக்கும். எழுபது எண்பது வருஷத்துக்கு ஒருமுறை சாந்தை மட்டும் மறுபடி அடைத்தால் போதும். ஆனால் எங்கள் முன்சுவரில் யாரோ சிமெண்டால் பாயிண்டிங் செய்திருந்தார்கள், அதாவது கல் இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும், பனிக்காலத்தில் அங்கேயே உறையும், உறைந்தால் விரியும், கல்லின் முகம் செதில் செதிலாகப் பிய்ந்து விழும். ஜன்னலுக்குக் கீழே அப்படி முகம் போன கல்லை எளிதாகப் பார்க்க முடிந்தது. சுற்றியிருந்த சிமெண்ட் மட்டும் சட்டம் போட்டதுபோல முன்னால் துருத்திக்கொண்டு, முழுசாக.

சிமெண்டை எடுக்க கிரைண்டர் வேண்டாம். குத்துக்கோட்டு இணைப்புகளில் கல்லின் ஓரத்தை அது நிச்சயம் அறுத்துவிடும். மெல்லிய உளியும் சிறு சுத்தியலும்தான். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழமாவது எடுக்க வேண்டும். நான் ஒரு அங்குலம் வரை போனேன். அதற்குள் பழைய சுண்ணாம்புச் சாந்து வந்துவிடும், வெளுப்பாக, இடையிடையே வெள்ளைக் கட்டிகளோடு. அந்தக் கட்டிகள் சரியாகக் கலக்காமல் போன சுண்ணாம்பு. மேஸ்திரியின் அவசரம் அதில் தெரிகிறது.

புதுச் சாந்துக்கு நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, 3.5 என்ற ரகம், ஒரு பங்குக்கு மூன்று பங்கு நறநறப்பான மணல். நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகும். இந்த ரகத்தில் களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டிருப்பதால் தண்ணீரோடும் கொஞ்சம் இறுகும், இந்த ஊர்க் குளிருக்கு அதுதான் சௌகரியம். கலவை கெட்டியாக, கையில் உருட்டினால் நிற்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் காயும்போது வெடிக்கும். அடைக்கும் முன் இணைப்பில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கல் புதுச் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மெல்லிய கரண்டியால் உள்ளே தள்ளித் தள்ளி அடைத்து, சாந்து அரைகுறையாக இறுகியதும், அதாவது விரல் நகம் பதியும், ஆனால் கையில் ஒட்டாது என்ற பதத்தில், முரட்டு பிரஷால் தட்ட வேண்டும். தட்டினால் மேலே இருக்கும் சுண்ணாம்புத் தோல் போய் மணல் தெரியும், ஈரம் போகும் வழியும் திறக்கும். கரண்டியால் வழவழவென்று தேய்த்துவிட்டால் பார்க்க அழகு, பயன் குறைவு. பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் சில நாள் காப்பாற்ற வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்னாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்பக்கம் ஓதம் தெரிந்த உயரத்துக்கும் மேலே ஒரு முழம் வரை ஜிப்சம் பூச்சையும் அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் பெயின்ட்டையும் உரித்தேன். புதுப் பூச்சு மூன்று கை: முதல் இரண்டில் ஆட்டு முடி கலந்த சுண்ணாம்பு, கடைசியில் மெல்லிய சுண்ணாம்புச் சாந்து. அந்தக் காலத்தில் மாட்டு முடி, குதிரை முடி போடுவார்கள். முடி பூச்சுக்கு நாரைப்போல வேலை செய்து வெடிப்பைத் தடுக்கும். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. மனைவிக்கு அந்த வெள்ளை முதலில் பிடிக்கவில்லை, “கோயில் மதில் மாதிரி இருக்கு” என்றார். அதே சுண்ணாம்பில் கொஞ்சம் காவி மண் நிறம் கலந்து இன்னொரு கை அடித்த பிறகு சமாதானம்.

இத்தனையையும் அடைத்தது யார் என்று யோசித்தால், தனியாக ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த வீடு நிலக்கரிக்காகக் கட்டியது. எல்லா முக்கிய அறையிலும் கணப்பு, ஒவ்வொன்றுக்கும் தனிப் புகைபோக்கி. நெருப்பு எரியும்போது அறைக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், ஜன்னல் இடுக்கிலிருந்தும் தரை இடுக்கிலிருந்தும் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும், சுவரும் காய்ந்துகொண்டே இருக்கும். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்பனிக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரிக் கணப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். விக்டோரியா காலத்து வீடு என்றாலே அழுக்கு, அவமானம் என்று நினைத்த காலமும் அதுதான். அந்தக் காலக் கட்டடங்களைக் காப்பாற்ற என்று ஒரு சங்கமே 1958இல் கென்சிங்டனில், ஸ்டாஃபர்ட் டெரஸ் 18ஆம் எண் வீட்டில் தொடங்க வேண்டியிருந்தது. பஞ்ச் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் லின்லி சாம்போர்ன் வாழ்ந்த வீடு அது, உள்ளே பெரும்பாலும் அவர் விட்டபடியே இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கலாம். எங்களுடையது அதன் ஏழைச் சொந்தக்காரன்தான், ஆனால் கதவுச் சட்டமும் ஜன்னல் அமைப்பும் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள உதவியது.

எங்கள் வீட்டிலும் முன்னறைக் கணப்பு அடைத்துக் கிடந்தது. புகைபோக்கிச் சுவரில் பழுப்புக் கறை. புகைக்கரியில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. அடைப்பில் ஒரு சல்லடை மூடி வைத்துக் காற்றுக்கு வழி விட்டேன். கூரைமேல் மழை விழாமல் காற்று மட்டும் போகும் தொப்பியைப் புகைபோக்கிக்கு வைக்க ஆள் பிடித்தேன், அந்த உயரம் எனக்கு ஒத்துவராது.

ஜன்னல் வேலை தனி சுகம். முன்னறையில் மூன்று பக்கமும் துருத்தி நிற்கும் பே ஜன்னல். மேலும் கீழும் நகரும் சாஷ் கதவுகள். நல்லவேளை, இங்கே யாரும் பிளாஸ்டிக் ஜன்னல் மாற்றவில்லை. கதவைத் தூக்கினால் நிற்காமல் சடாரென்று விழும், அவ்வளவுதான் கோளாறு. பெரிய கண்ணாடி வந்தது எப்படி என்பதற்கும் கதை உண்டு: கண்ணாடிமேல் இருந்த வரி 1845இலும் ஜன்னல்மேல் இருந்த வரி 1851இலும் போயின, அதன்பின் சின்னச் சின்னச் சட்டங்களுக்குப் பதிலாகப் பெரிய கண்ணாடி மலிந்தது. கனம் கூடியதால் மேல்கதவின் கீழ்மூலைகளில் மரத்தைக் கொம்புபோல நீட்டி இணைப்பைப் பலப்படுத்தினார்கள். அந்தக் கொம்பு இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலத்தின் நடுவிலோ பிறகோ செய்த ஜன்னல் என்று கணிக்கலாம்.

கழற்றும் முறை சுலபம். பெயின்டைத் தொடும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதனை செய்துகொள்ளுங்கள். 1992 வரை இங்கே ஈய பெயின்ட் கடையில் கிடைத்தது, அதற்கு முந்தைய அடுக்குகளில் இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுடையதில் இருந்தது. உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு கூடாது, நனைத்துச் சுரண்டினேன், முகமூடியோடு, பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல். உள்பக்க ரீப்பரை நெம்பி எடுத்தால் கீழ்க்கதவு கையோடு வரும். நடுரீப்பரை எடுத்தால் மேல்கதவு. சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு மரமூடி இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே வார்ப்பிரும்புக் குண்டுகள் தொங்கும். கயிறு அறுந்த குண்டு அடியில் விழுந்து கிடந்தது. புதுப் பருத்திக் கயிறு மெழுகு போட்டதாக வாங்கினேன். கதவைத் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும். மேல்கதவுக்கு இரண்டு குண்டும் சேர்ந்து கதவைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தால் அது மேலேயே நிற்கும். கீழ்க்கதவுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தால் மூடியே இருக்கும். கயிற்றைக் கதவின் பக்கக் காடியில் ஆணி அடிக்கும்போது மேல்கோடி வரை அடிக்கக் கூடாது. கதவை முழுக்கத் தூக்கும்போது ஆணி கப்பியில் போய் இடிக்கும். கீழ்ச்சட்டத்தில் உளுத்த பகுதியை வெட்டி, அதே மாதிரி மரத்தை ஒட்டினேன். அலையலையாகத் தெரியும் பழைய கண்ணாடியைத் தொடவில்லை. காற்று ஒழுகும் இடுக்கில் மயிர்ப்பட்டை பொருத்தியதில் குளிர் கணிசமாகக் குறைந்தது. கோடையில் மேல்கதவைக் கொஞ்சம் இறக்கி, கீழ்க்கதவைக் கொஞ்சம் தூக்கினால், சூடான காற்று மேலே போக, கீழே குளிர்ந்த காற்று வரும். பிளாஸ்டிக் ஜன்னலில் இந்த வேலை நடக்காது.

நடைக்கூடத்து ஓடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேமினேட்டுக்குக் கீழே சிவப்பு, கறுப்பு, வெண்மஞ்சள் நிறத்தில் சிறு சிறு ஓடுகள். பொடிக்களிமண்ணை அச்சில் அழுத்திச் செய்யும் முறைக்கு 1840இல் காப்புரிமை வந்தது, மின்டன் போன்ற ஓடு தயாரிப்பாளர்கள் அதை வைத்துத்தான் இந்த ஓடுகளைக் கோடிக்கணக்கில் தள்ளினார்கள். பசையைச் சுரண்டிக் கழுவினேன், வார்னிஷ் அடிக்கவில்லை.

சுவர் காய அவசரம் ஆகாது. அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று இங்கே கணக்குச் சொல்வார்கள், 9 அங்குலத்துக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வெள்ளை உப்பு பூத்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி எடுத்தால் போதும். முன்சுவரில் இப்போது பெயின்ட் கொப்பளிப்பதில்லை, உளுத்த வாடையும் போய்விட்டது. பாக்கி இருப்பது பின்பக்கச் சமையலறைச் சுவர். முழுக்கச் சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள், உரித்தால் கல் எப்படி இருக்குமோ. அண்ணை வீட்டுப் பின்சுவரும் அதே நிலைதான். வெயில் வந்ததும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சாரம் கட்டி, செலவைப் பாதிப் பாதியாகப் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.